பதினோராவது மில்லி

ஒன்று புள்ளி ஐந்து இரண்டு, ஒன்று புள்ளி ஐந்து, ஒன்று புள்ளி ஐந்து ஒன்று, எங்கேயாவது ஓரிடத்தில் நில்லேன், எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறேன், ஆனால் புளிப்பை அளக்கிற பி.ஹெச். மீட்டரின் கடைசி இலக்கத்துக்கு அந்தப் பழக்கமே கிடையாது, மேலே ஒன்று கீழே ஒன்று என்று நெளிந்துகொண்டே இருக்கும், வகுப்பில் நான் நெளிவது மாதிரி. "முப்பிடாதி, பெஞ்சுல எறும்பு கிறும்பு இருக்காம்மா" என்று கோமதி மேடம் மூக்கால் கேட்பார், அந்த மூக்கு எனக்கு முதல் வாரமே வசமாகிவிட்டது, நாக்கின் அடியை மேலே தூக்கி வைத்துக்கொண்டு காற்றை மூக்குப் பக்கம் திருப்பிவிட்டால் போதும், கோமதி மேடம் வந்துவிடுவார், ஒருமுறை கழிப்பறைக்குள்ளிருந்து அந்தக் குரலில் "யாரும்மா அங்க" என்று கேட்டு மூன்று பேரை ஓடவிட்டிருக்கிறேன். சரி, ஒன்று புள்ளி ஐந்து. சுழியம் மில்லி, ஒன்று புள்ளி ஐந்து. எழுதியாயிற்று. இன்றைக்கு எங்கள் இரண்டாம் பருவச் செய்முறைத் தேர்வு, எட்டுப் பெண்கள், எட்டு பீக்கர், எட்டிலும் 'எக்ஸ்' என்று மட்டும் சீட்டு ஒட்டிய தண்ணீர் மாதிரி ஒரு திரவம். அதற்குள் ஏதோ ஒரு அமினோ அமிலம் அமிலத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது, எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும், பியூரெட் என்கிற அளவுக் குழாயிலிருந்து காரத்தை ஒரு மில்லி விடு, கலக்கு, மீட்டர் என்ன காட்டுகிறதென்று எழுது, மறுபடி ஒரு மில்லி, இப்படியே முப்பது முறை, பிறகு வரைபடம் போட்டால் கோடு எங்கே படுத்துக்கொள்கிறது, எங்கே எழுந்து நிற்கிறது என்று பார்த்து இன்னாரென்று சொல்லிவிடலாம். சாதாரணமாக நல்ல மீட்டருக்கு அடிதடி நடக்கும், ஜன்னலோர மீட்டர்தான் ஒழுங்காகக் காட்டும், இன்றைக்கு அதை எனக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள், தாராள மனசு, யாருக்கும் மீட்டரே தேவையில்லை. ஏனென்றால் ஏழு பேரும் முப்பது ரீடிங்கையும் வீட்டிலிருந்தே மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்துவிட்டார்கள், விடை தெரிந்துவிட்டால் பின்பக்கமிருந்து கணக்குப் போட்டு ரீடிங் எழுதுவது இங்கே பரம்பரை வழக்கம். விடை கிளைசின். சொன்னது லேப் அண்ணாச்சி. அண்ணாச்சி அப்படிச் சொல்லவில்லை என்பது இந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் சொன்னது நான்.

ஒரு மில்லி. கலக்கு. ஒன்று புள்ளி ஐந்து எட்டு. அணஞ்சபெருமாள் அண்ணாச்சிதான் கரைசலெல்லாம் கலக்கி வைப்பவர், அதனால் அவருக்குத் தெரியும், அதனால் மூன்று நாளாக இந்த ஏழு பேரும் அவர் பின்னாலேயே அலைந்தார்கள். பரக்கத் கடையநல்லூரிலிருந்து டிபன் பாக்ஸில் வட்டலப்பம் கொண்டுவந்து கொடுத்தாள், நின்ற இடத்திலேயே தின்று முடித்து, டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டு, "க்ஹும், படிச்சிட்டு வாங்க தாயி, நான் பாட்டில் கழுவுத ஆளு, எனக்கு என்னத்த தெரியும், பார்த்துக்கிடுங்க" என்றார். அவர் எந்தப் பேச்சையும் அந்த க்ஹும்மில்தான் தொடங்குவார், பார்த்துக்கிடுங்கவில்தான் முடிப்பார், நடுவில் ஒவ்வொரு சொல்லையும் ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி மெதுவாகப் பிழிவார். நேற்றுச் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது தொண்டை அரித்தது, எனக்கு ஒரு குரல் முழுசாகக் கனிந்துவிட்டால் இப்படித்தான் அரிக்கும், தாடையை நெஞ்சோடு ஒட்டவைத்து, வாயைக் கையால் பாதி மூடி, போனை எடுத்து, "க்ஹும், தாயி, கிளைசின்தான் வச்சிருக்கேன், வெளிய சொல்லிராதீங்க, பார்த்துக்கிடுங்க." பதினோரு விநாடி. பரக்கத்துக்கு அனுப்பினேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், அவளோ அண்ணாச்சி சொன்னதை நான் போனில் பிடித்து அனுப்பியதாக நம்பி வகுப்பு வாட்ஸப் குழுவில் தூக்கிப் போட்டுவிட்டாள், நான் பஸ் ஏறி ஜன்னல் சீட்டு பிடிப்பதற்குள் கும்பிடுகிற கைகளாக வந்து விழுந்தன, அண்ணாச்சி வாழ்க, அண்ணாச்சிக்குச் சிலை வைப்போம். ஏன் கிளைசின் என்று சொன்னேன் என்றால், வேறு பெயர் வாயில் வரவில்லை, வருஷம் முழுக்கப் பழகியது அதுதான், இருப்பதிலேயே மலிவு, இருப்பதிலேயே சின்னது. நிஜமாகவே கிளைசினாக இருந்தாலும் இருக்கலாம். அந்த 'லாம்' தான் என்னை இங்கே உட்காரவைத்து ஒழுங்காக வேலை செய்ய வைத்திருக்கிறது, வகுப்பிலேயே மோசமான மாணவியை, வேடிக்கைதான், புரளியைக் கிளப்பினவளுக்கு மட்டும் புரளி உதவாது.

மூன்று மில்லி, ஒன்று புள்ளி எட்டு. நான்கு. காரம் விட விடப் புளிப்பு குறைந்து பி.ஹெச். எண் ஏற வேண்டுமில்லையா, ஏறுகிறது, ஆனால் முட்டு வலிக்காரர் படி ஏறுகிற மாதிரி. நான் ஊற்றுகிற காரமெல்லாம் எங்கே போகிறது. இதைப் போன வாரம் வரை நான் யோசித்ததே இல்லை, அட்டவணையை நிரப்பிவிட்டுப் போய்விடுவேன், இன்றைக்கு வேறு வழியில்லாமல் பீக்கருக்குள் பார்த்துக்கொண்டே இருப்பதால் கேள்வி வருகிறது. இந்த அமினோ அமிலத்துக்கு இரண்டு முனை, ஒன்று அமில முனை, ஒன்று அமீன் முனை. அமிலம் என்றால் என்ன, புரோட்டான் கூட்டம், திருவிழாக் கூட்டம் மாதிரி எங்கே பார்த்தாலும் புரோட்டான், அவ்வளவு இருக்கும்போது இரண்டு முனையும் ஆளுக்கொன்று பிடித்து வைத்துக்கொள்கின்றன, அதனால் அமிலத்தில் இதற்கு நேர் மின்சுமை. காரம் வந்து கூட்டத்தைக் கலைக்கக் கலைக்க, முதலில் அமில முனை தன்னிடமிருப்பதைக் கொடுத்துவிடுகிறது, "இந்தா எடுத்துக்கோ, என்னிடம் எதற்கு", அது கொடுத்துக்கொண்டிருக்கும் வரை நான் எவ்வளவு ஊற்றினாலும் மீட்டர் அதிகம் அசையாது, அதுதான் கோடு படுத்துக்கொள்கிற இடம். கொடுத்து முடித்த பிறகு அமில முனையில் எதிர், அமீன் முனையில் நேர், ஒரே உடம்பில் இரண்டு சுமையும், கூட்டினால் பூஜ்யம், ஸ்விட்டர் அயனி என்று கோமதி மேடம் மூக்கால் சொல்லும்போது சிரிப்பு வரும், இப்போது வரவில்லை. இன்னும் காரம் விட்டால் அமீன் முனையும் கொடுத்துவிடும், மிச்சம் எதிர் மட்டும். ஒரே பொருள், மூன்று வேஷம், சுற்றி எவ்வளவு புளிப்பு என்பதைப் பொறுத்து. நம்ம சாதிதான் என்று ஒரு நிமிஷம் குஷியாக இருந்தது, நானும் எங்கே போட்டாலும் அந்த இடத்துக் குரலைப் பிடித்துக்கொள்பவள்தானே, ஆலங்குளம் பஸ்ஸில் கண்டக்டர், வீட்டில் அப்பா, தேவாலயத்துப் பக்கம் போனால் பாதிரியார். ஆனால், ஐந்து மில்லி, இரண்டு புள்ளி சுழியம் மூன்று, ஆனால் இது மிமிக்ரி இல்லையே. மிமிக்ரி என்றால் அமிலத்தில் அமிலமாகப் பேச வேண்டும். இது அமிலத்தில் போட்டால் காரம் மாதிரி நடந்து புரோட்டானை வாங்கிக்கொள்கிறது, காரத்தில் போட்டால் அமிலம் மாதிரி நடந்து கொடுக்கிறது. எங்கே எது அதிகமோ அதைத் தன் தலையில் வாங்கிக்கொள்கிறது, எங்கே எது குறைவோ அதைத் தன்னிடமிருந்து எடுத்துத் தருகிறது. அப்படி ஒருத்தரை நான் பார்த்திருக்கிறேனா, யோசிக்க வேண்டும். அப்பாவின் வயிறு நினைவுக்கு வருகிறது, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் "ஏளா, புளிச்சுப் புளிச்சு வருதே, அந்தப் பிங்க் மருந்து எங்க" என்று நெஞ்சைத் தடவிக்கொள்வார், அங்கேயும் இதே புரோட்டான்தான், சாப்பிட்ட பருப்பிலுள்ள அமினோ அமிலமெல்லாம் அந்தப் புளிப்புக்குள் நேர் சுமையோடு மிதந்துகொண்டிருக்கும், அப்பாவுக்குத் தெரியாது, தெரிந்தால் பயந்துவிடுவார்.

ஆறு. பக்கத்து மேசையில் பரக்கத் அழகாக நடிக்கிறாள், குழாயைத் திறக்கிறாள், கலக்குகிறாள், தன் மீட்டரைக் குனிந்து பார்க்கிறாள், புருவத்தைச் சுருக்குகிறாள், பிறகு மனப்பாடத்திலிருந்து எழுதுகிறாள். அவள் தாளில் ஐந்தாவது மில்லிக்கு இரண்டு புள்ளி மூன்று நான்கு, புத்தகத்தில் உள்ளபடி அப்படியே, நிஜ மீட்டர் ஒருநாளும் புத்தகத்தில் உள்ளபடி காட்டாது என்பதுகூட இந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. ஏழு பேரும் அதே இரண்டு புள்ளி மூன்று நான்கு எழுதியிருப்பார்கள். காலையில் பஸ்ஸில் அவளிடம் சொன்னேன், சத்தியமாகச் சொன்னேன். "ஏட்டி, அது நான் பேசினது." "எது?" "அண்ணாச்சி வாய்ஸ்." அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "போ ஏட்டி, எனக்கு அண்ணாச்சி குரல் தெரியாதா, ஒரு வருஷமா கேக்கேன். எல்லாத்துக்கும் நான்தான் நான்தான்னு வந்துராத." "வேணும்னா இப்ப பேசிக் காட்டவா?" "ஒண்ணும் வேண்டாம், பஸ்ஸுல ஆம்பளைக் குரல்ல பேசி அடி வாங்கித் தராத, சும்மா வா." அப்போதே பேசிக் காட்டியிருக்கலாம். ஏன் காட்டவில்லை என்று எனக்கே ஒரு சந்தேகம் இருக்கிறது. அவள் நம்பாதது எனக்கு இனித்தது, அதுதான் உண்மை, அவ்வளவு சரியாக வந்திருக்கிறது என்று உள்ளுக்குள் யாரோ முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழு, இரண்டு புள்ளி மூன்று. எட்டு, இரண்டு புள்ளி ஐந்து நான்கு. வெளியே ஜன்னல் வழியாகக் காற்றாலைகள் தெரிகின்றன, சித்திரை மாசம், காற்று இன்னும் இறங்கவில்லை, ஒன்றும் சுற்றவில்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஒன்பது, இரண்டு புள்ளி எட்டு எட்டு. மீட்டரின் எலக்ட்ரோடைக் கழுவு, துடைக்காதே, ஒற்றி எடு. பத்து. மூன்று புள்ளி ஒன்பது நான்கு. கிளைசினாக இருந்தால் இங்கே ஆறை ஒட்டி வந்திருக்க வேண்டும், பரக்கத் ஐந்து புள்ளி ஒன்பது ஏழு எழுதியிருக்கிறாள், ஆனால் இது கோடு எழுந்து நிற்கிற இடம், இங்கே ஒரு சொட்டு கூடக்குறைய விழுந்தால்கூட எண் எங்கேயோ போய்விடும், இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பதினோராவது மில்லியில் தெரிந்துவிடும். கிளைசின் என்றால் அமில முனை கொடுத்து முடித்தாயிற்று, அமீன் முனைக்கு இன்னும் நேரம் வரவில்லை, நடுவில் காரத்தை வாங்கிக்கொள்ள ஆளே இல்லை, அதனால் ஒரே எட்டாக எட்டரைக்கு மேல் போய்விடும். போகட்டும். போ. எட்டரைக்குப் போ. போனால் எல்லாரும் பிழைத்தோம், நான் வாயைத் திறக்கவே வேண்டாம், அண்ணாச்சி பெயரில் ஒரு புரளி பலித்ததாகப் போய்விடும்.

குழாயைத் திறந்து, பத்தில் கண்ணை வைத்து, கோடு கோடாக இறங்கி, பதினொன்றில் மூடினேன். கலக்கினேன். ஐந்து புள்ளி சுழியம். ஐந்து புள்ளி சுழியம் ஆறு. ஐந்து புள்ளி சுழியம் ஐந்து. நின்றுவிட்டது, கடைசி இலக்கம்கூட அசையவில்லை. எலக்ட்ரோடைத் தூக்கிக் கழுவி மறுபடி வைத்தேன், ஐந்து புள்ளி சுழியம் ஐந்து. பன்னிரண்டு மில்லி, ஐந்து புள்ளி நான்கு. பதின்மூன்று, ஐந்து புள்ளி ஆறு நான்கு. இதென்ன, எழுந்து ஓட வேண்டிய இடத்தில் மறுபடி படுத்துக்கொள்கிறதே, யார் வாங்கிக்கொள்கிறார்கள் காரத்தை, இரண்டு முனைதானே, ஒன்று முடிந்தது, ஒன்று தூங்குகிறது, அப்படியென்றால் மூன்றாவதாக யாரோ ஒருவர் உள்ளே உட்கார்ந்து, ஆறை ஒட்டி, பொறுமையாகப் புரோட்டானைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பதினான்கு, ஐந்து புள்ளி எட்டு மூன்று. பதினைந்து, ஆறு. சரியாக ஆறு. பக்கவாட்டில் ஒரு வளையத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிற ஒன்று இருக்கிறது, பாடத்தில் ஒரு வரி, நான் பேனாவால் மீசை வரைந்த பக்கம், இருபது அமினோ அமிலங்களில் பக்கவாட்டுத் தொகுதி ஆறை ஒட்டிப் புரோட்டானைக் கொடுக்கிற ஒரே ஆள், ஹிஸ்டிடின், ரத்தத்தின் பி.ஹெச்.-க்குப் பக்கத்தில் இருப்பதால் வாங்கவும் முடியும், கொடுக்கவும் முடியும், ஹீமோகுளோபினுக்குள் உட்கார்ந்து இதே வேலையைத்தான் பார்க்கிறதாம். நானே கண்டுபிடித்தேன். என் கையில் ரோமம் எழுந்து நிற்கிறது, இது என்ன கூத்து, ஒரு எண்ணைப் பார்த்து யாருக்காவது ரோமம் நிற்குமா, யாரிடமாவது சொல்ல வேண்டும் போல, பரக்கத்தின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல, எனக்குள்ளேயும் இதே நேரம் ஒவ்வொரு ரத்தச் சொட்டிலும் இது வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று. அப்போதுதான் மற்ற ஏழு மேசையும் கண்ணில் பட்டது. கிளைசின் இல்லை. ஏழு தாளில் கிளைசின். ஏழு தாளிலும் ஐந்தாவது மில்லியில் இரண்டு புள்ளி மூன்று நான்கு. ஒரே தப்பை ஏழு பேர் இரண்டாம் தசமம் வரை ஒன்றுபோல் செய்ய முடியாது, யாரோ சொல்லியிருக்கிறார்கள், யார் சொன்னது என்று கேட்பார்கள், அண்ணாச்சி என்பார்கள்.

பதினாறு, ஆறு புள்ளி ஒன்று எட்டு. கை தானாக வேலை செய்கிறது. பதினோரு வருஷமாக அண்ணாச்சி தற்காலிகம், இந்த ஜூனில் நிரந்தரம் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அவர் அதை யாரிடமும் சொல்வதில்லை, ஆனால் அமில அலமாரிக் கதவின் உட்பக்கம் காலண்டர் ஒட்டி ஜூன் ஒன்றில் சின்னதாக ஒரு புள்ளி வைத்திருக்கிறார், நான் பார்த்திருக்கிறேன், எதற்கண்ணாச்சி புள்ளி என்று கேட்டதற்கு "க்ஹும், ஒண்ணுமில்ல தாயி" என்று கதவைச் சாத்திவிட்டார். போன வருஷம் கேள்வித்தாள் விஷயத்தில் பெயர் அடிபட்ட அலுவலக ஆள் ஒருவரை மறுநாளே அனுப்பிவிட்டார்கள், செய்தாரா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. இப்போது அவர் கதவுக்கு வெளியே வராந்தாவில் நிற்கிறார், நைட்ரிக் அமிலம் பட்டு மஞ்சளாகிப்போன விரல் நுனிகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்த மஞ்சள்கூடத் தோலிலுள்ள அமினோ அமிலத்தின் வளையத்தில் அமிலம் போய் ஒட்டிக்கொள்வதால் வருவதுதான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ரெஜினாள் மேடம் முதல் மேசையிலிருந்து நடக்கத் தொடங்கிவிட்டார், கேன்வாஸ் ஷூ, சத்தமே இல்லை, குரலும் அப்படித்தான், காலையிலிருந்து பிடிக்கப் பார்க்கிறேன், எங்கேயும் பிடிமானமே இல்லை, வெள்ளைத்தாள் மாதிரி ஒரு குரல். பதினேழு. என்ன செய்யலாம். கோமதி மேடம் பக்கத்து அறையில் வைவா எடுக்கிறார், நான் குனிந்து அலமாரி மறைவிலிருந்து அவர் மூக்கை எடுத்து, "எல்லாரும் பழைய ரீடிங்கை அடிச்சுட்டு முதல்லேருந்து செய்யுங்கம்மா" என்று சொன்னால் போதும், ஏழு பேரும் செய்வார்கள், நாக்கைத் தூக்கிவிட்டேன், காற்று மூக்குப் பக்கம் திரும்பிவிட்டது, நம்பினால் தப்பித்தோம், ஒரு பொய்க் குரலை இன்னொரு பொய்க் குரலால் துடைத்துவிடலாம், ஆனால் அதற்கப்புறம் கோமதி மேடம் வந்து நான் சொல்லவே இல்லையே என்றால், அதற்கு யார் குரல், அதற்கப்புறம் யார் குரல். நாக்கு அப்படியே நிற்கிறது. பதினெட்டு, ஆறு புள்ளி ஆறு ஒன்று. ரெஜினாள் மேடம் பரக்கத்தின் வரைபடத்தைத் தூக்கிப் பார்க்கிறார்.

"வரைஞ்சு முடிச்சிட்டியா?" "ஆமா மேடம்." "பியூரெட்ல பன்னண்டு மில்லிதான் இறங்கியிருக்கு. கோடு முப்பது வரைக்கும் போகுது." பரக்கத் பியூரெட்டைப் பார்க்கிறாள், முதல் தடவையாக. ரெஜினாள் மேடம் அடுத்த மேசைத் தாளை எடுக்கிறார், அதற்கடுத்தது, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறார், மூன்று கோடும் ஒரே கோடாகிவிட்டது. "யாரு சொன்னா?" குரலில் கோபம்கூட இல்லை, அதனால்தான் பயமாக இருக்கிறது. மறுபடி கேட்டார். பரக்கத் அழத் தொடங்கி, அழுகைக்கு நடுவில், நான் நினைத்த அதே சொல்லை, "லேப் அண்ணாச்சி மேடம், போன்ல வாய்ஸ் இருக்கு." அவளைத் திட்ட எனக்கு வாய் உண்டா. தேர்வுக்கு முன்னே போன்களைப் போட்டுவைத்த வராந்தாக் கூடையிலிருந்து அவள் போனை எடுத்துவரச் சொன்னார், எடுத்துவந்தது அண்ணாச்சிதான், கூடை அவர் பொறுப்பு, எதற்கென்று தெரியாமலே துடைத்துக் கொடுத்தார். பதினோரு விநாடி. க்ஹும், தாயி. நேற்று எட்டு தடவை எனக்கு நானே போட்டுக் கேட்டுச் சிரித்தது. இப்போது அண்ணாச்சி அதைக் கேட்கிறார், தலையைச் சாய்த்து, தூரத்தில் யாரோ கூப்பிடுகிறார்களா என்று கவனிக்கிறவர் மாதிரி. "இது உங்க குரலா?" "ஆமா மேடம்," என்றார், பிறகு, "என் குரல்தான். ஆனா நான் சொல்லலையே மேடம்." பிறகு விரல்களைப் பார்த்துக்கொண்டு மெதுவாக, "மூணு நாளா பிள்ளைக கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அசதியில ஏதும் சொல்லிட்டேனோ." ரெஜினாள் மேடம் நாற்காலியை இழுத்து ஒரு தாளை எடுக்கிறார், அவர் பெயர், பதவி, தற்காலிகமா நிரந்தரமா என்று கேட்கிறார். அண்ணாச்சி தற்காலிகம் என்கிறார். செய்யாததை ஒத்துக்கொள்ளப் போகிறார். குரல் அவ்வளவு சரியாக இருப்பதால் தன் ஞாபகத்தைத்தான் அவர் சந்தேகப்படுகிறார், என் திறமை அவருக்குள் போய் அவரையே இல்லாமல் ஆக்கிக்கொண்டிருக்கிறது. எழுந்தேன். "மேடம், அது நான்." யாரும் திரும்பவில்லை. குரல் அவ்வளவு சின்னதாக, மெல்லிசாக, யாருடையது என்றே தெரியாமல் வந்தது, எனக்கே புதுசு, இதை நான் எங்கேயிருந்தும் எடுக்கவில்லை. "மேடம், அந்த வாய்ஸ் நான் பேசினது. அண்ணாச்சிக்கு ஒண்ணும் தெரியாது."

"உட்காரு," என்றார் ரெஜினாள் மேடம். "அவரைக் காப்பாத்தணும்னு நினைக்கிறது நல்ல குணம். ஆனா இது ஆம்பளைக் குரல்." பரக்கத் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள், பஸ்ஸில் பார்த்த அதே பார்வை, ஆனால் இப்போது அதில் ஒரு ஓட்டை விழுந்திருக்கிறது. ஆக நிரூபிக்க வேண்டும். வாழ்க்கையில் எத்தனை தடவை, கேட்காமலே, கெஞ்சாமலே, எங்கே வேண்டுமானாலும், இந்தக் குரல்கள் தாங்களாகக் குதித்துக்கொண்டு வரும், இப்போது அண்ணாச்சி ஆறடி தூரத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. தாடையை நெஞ்சோடு சேர்த்தேன். அவர் பார்க்கிறார், தாடையைச் சேர்க்கிறதை, தன் வேஷத்தை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதை. கையை வாய்மேல் வைத்தேன். வேறு சொல் எதுவும் தோன்றவில்லை, தெரிந்த ஒன்றைத்தான் சொன்னேன். "க்ஹும். தாயி, இது கிளைசின் இல்ல, ஹிஸ்டிடின். பதினோராவது மில்லியில தெரிஞ்சிரும், பார்த்துக்கிடுங்க." நான் குரல் எடுத்து யாரும் சிரிக்காதது இதுதான் முதல் தடவை. ரெஜினாள் மேடம் பேனாவை மூடினார். என் தாளை எடுத்து மேலிருந்து கீழே வரை படித்தார், பதினெட்டு வரியையும், பதினொன்றில் விரலை வைத்தார். "இதை நீ செஞ்சியா?" "ஆமா மேடம்." "எல்லாத்தையும் செஞ்சு சரியான விடையைக் கண்டுபிடிச்சிருக்க. ஆனா நீ பண்ணின காரியத்துக்கு இதுக்கு நான் மார்க் போட முடியாது, தெரியுமா. அடுத்த வருஷம் மறுபடி வந்து எழுதணும்." தெரியும் என்று தலையை ஆட்டினேன், தெரியாது, இப்போதுதான் தெரிந்தது, வீட்டில் எப்படிச் சொல்வது, அப்பா நெஞ்சைத் தடவிக்கொள்வார். அண்ணாச்சி பெயர் எழுதிய தாளை ரெஜினாள் மேடம் இரண்டாகக் கிழித்தார், நான்காகக் கிழித்தார். "நீங்க போய் வேற ஒரு சாம்பிள் கலக்குங்க. இவங்க ஏழு பேரும் முதல்லேருந்து செய்யட்டும்." பிறகு என் பக்கம், "நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டுப் போ," என்றவர், நான் பியூரெட்டைக் கழற்றப் போனதும், "அதை ஏன் கழட்டுற. பாதியில நிக்குது. முடிச்சுட்டுப் போ," என்றார்.

மார்க் இல்லாத தாள். பத்தொன்பது மில்லி விட்டேன். வாக்குமூலத்தை அப்புறம் எழுதலாம், இது எங்கே போய் நிற்கிறது என்று பார்க்காமல் என்னால் இங்கிருந்து நகர முடியாது. ஆறு புள்ளி ஒன்பது ஐந்து, ஆகா, மூன்றாவது ஆள் கொடுத்து முடிக்கப் போகிறார், இனி ஒரு ஏற்றம், அதற்கப்புறம் தூங்குகிற அமீன் முனை எழுந்திருக்க வேண்டும், ஒன்பதை ஒட்டி. புதுக் கரைசல் கொண்டுவந்து ஏழு மேசையிலும் வைத்துவிட்டு அண்ணாச்சி என் மேசைக்கு வந்து நின்றார். நான் நிமிரவில்லை. "நான் பேசுனா அப்படியா தாயி இருக்கு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் இருந்தது, அவரோ தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். "இல்ல அண்ணாச்சி. நீங்க இன்னும் மெதுவா பேசுவீங்க. எனக்கு அது வரல." "ம்," என்றார். குனிந்து மீட்டரைப் பார்த்தார். "பதினோரு வருஷமா கலக்கி வைக்கேன், மிச்சத்தை எடுத்துக் கொட்டுதேன். நடுவுல என்ன நடக்குன்னு யாரும் சொன்னதில்ல." இருபதாவது மில்லி. கலக்கினேன். எண் ஏழைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. "இப்ப உள்ள என்ன ஆகுது?" கோமதி மேடம் மூக்கால் சொன்னால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம், அந்தப் பாடம் முழுக்க அந்த மூக்கில்தான் எனக்குள் இருக்கிறது. நாக்கைக் கீழே இறக்கினேன். "அதுக்கு மொத்தம் மூணு கை அண்ணாச்சி," என்று தொடங்கினேன், குரல் அங்கங்கே உடைந்தது, "ரெண்டு கையில இருந்ததைக் கொடுத்துட்டுது. இன்னும் ஒண்ணு இருக்கு. அதைக் கொடுக்குமா மாட்டேங்குமான்னு பார்ப்போம்." அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குழாயைத் திறந்தேன்.